மடக்கு மேடை: பெயின்டர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் 22 வருடமாக வீட்டுப் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஆறு வருடமாக உள்வேலைக்கு ஸ்டூல், டிரம், பலகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலுமினிய மடக்கு மேடைக்கு மாறிவிட்டோம். வேலை நடக்கும் இடத்துக்கு வரும் பெயின்டர்களும் வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் வேலையில் பார்த்ததை வைத்துத்தான்.

மடக்கு மேடை என்று எதைச் சொல்கிறீர்கள்?

நீளமான ஒரு நிற்கும் தட்டு, இரண்டு பக்கமும் மடங்கும் கால்கள். அவ்வளவுதான் அதன் உடம்பு. கால்களைப் பிரித்து லாக் போட்டால் நான்கு காலில் நிற்கும் சின்ன மேடை. மடக்கினால் ஒரு பெரிய சூட்கேஸ் மாதிரி தட்டையாகிவிடும். கொஞ்சம் நல்ல மாடலில் காலுக்குள் இன்னொரு குழாய் இருக்கும். பின்னை இழுத்துக் காலை நீட்டி உயரத்தைக் கூட்டலாம். சிலவற்றில் நிற்கும் தட்டும் இரண்டு பாகமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். இழுத்தால் 4 அடி 6 அடியாகும். கடையில் ஃபோல்டிங் பிளாட்ஃபார்ம் என்று கேட்டால் புரியும். இங்கிலாந்தில் இந்தக் குட்டி மேடைக்குப் பெயர் ஹாப் அப். அங்கே பெயின்டர், பிளாஸ்டர் பூசுகிறவர் பலரும் இதை வைத்திருப்பார்கள்.

ஸ்டூலும் டிரம் மேல் பலகையும் இருக்கும்போது இதற்கு எதற்குச் செலவு?

என் கையாள் ஒருவர் விழுந்ததைச் சொல்கிறேன். ஏழு வருடம் ஆகிறது. ஒரு கிரகப்பிரவேச வீடு, வேலை அவசரம். இரண்டு காலி 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்து, மேலே ஒரு சென்டரிங் பலகை போட்டுக் கதவுக்கு மேலே எட்ஜ் (பிரஷ்ஷால் ஓரம் அடிப்பது) இழுத்துக்கொண்டிருந்தார். பலகை பக்கெட்டைத் தாண்டி முக்கால் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூலையை எட்டுவதற்காக அந்த நுனியில் கால் வைத்தார். பலகையின் மறுமுனை மேலே எழும்ப, அவர் கீழே. உயரம் என்று பார்த்தால் ஒன்றேகால் அடிதான். கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரஷ் பிடிக்கிற கை.

இரண்டாவது மாடிச் சாரத்தில் நிற்பவன் கயிற்றைப் பார்க்கிறான், முட்டுக் கொடுத்த கம்பைப் பார்க்கிறான், அடுத்தவனைக் கூப்பிட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்கிறான். ஒன்றேகால் அடியில் நிற்பவன் எதையும் பார்ப்பதில்லை. எங்கள் தொழிலில் கை கால் உடைவது பெரும்பாலும் இந்த 'சும்மா ஏறி நில்லு' உயரத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது வேலைக் கணக்கு. 12க்கு 10 அறையில் சுற்றளவு 44 அடி. ஸ்டூலில் நின்றால், சாயாமல் எட்டுவது ஏறக்குறைய மூன்றரை அடி. ஒரு சுற்றுக்கு 13 தடவை இறங்கி, நகர்த்தி, ஏற வேண்டும். 4 அடி மேடையில் நடந்துகொண்டே போகலாம், ஆறரை அடி கிடைக்கும். 7 தடவை போதும். இரண்டு கை பட்டி (சுவரை மட்டமாக்கப் பூசும் கலவை), ஒரு பிரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன் என ஐந்து சுற்று. ஸ்டூலில் 65 தடவை, மேடையில் 35. இது ஒரே அறைக்கு, உப்புத்தாள் தேய்ப்பைச் சேர்க்காமல். சாயங்காலம் முழங்கால் ஏன் வலிக்கிறது என்று கேட்கும் பெயின்டர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அப்படியானால் 6 அடிக்கு நீளுவதையே வாங்கிவிடலாமா?

அதே அறையில் 6 அடிக்கு நீட்டினால் 7 தடவை 6 ஆகிறது, அவ்வளவுதான். ஸ்டூலிலிருந்து மேடைக்கு வருவதில்தான் பெரிய லாபம். 4 அடியிலிருந்து 6 அடிக்குப் போவதில் அவ்வளவு இல்லை. நீளமான ஹால், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் மாதிரி வேலை அதிகம் எடுப்பவருக்கு அது சரி. வீட்டு வேலைக்கு, அதுவும் கட்டிலும் பீரோவும் நடுவில் தள்ளி வைத்திருக்கிற அறையில், 6 அடி மேடையைத் திருப்பவே இடம் இருக்காது. நான் நீளத்தைவிடக் கால் நீளுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எந்த உயரம் வாங்குவது?

எளிய கணக்கு: சீலிங் உயரத்திலிருந்து உங்கள் உயரத்தையும், தலைக்கு மேல் ஒரு அடியையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் மேடை உயரம்.

நம் ஊர் தனிவீடுகளில் சீலிங் 10 அடி என்பது சகஜம். ஆள் ஐந்தரை அடி என்றால் 10இல் ஐந்தரை போக நாலரை, ஒரு அடி போக மூன்றரை. அதாவது 105 சென்டிமீட்டர் பக்கம். சீலிங்குக்குப் பட்டி பார்க்க இந்த உயரம் வேண்டும். முழங்கை மடங்கிய நிலையில் தகட்டை அழுத்தினால்தான் பட்டி ஒரே மட்டமாக இழுபடும். கையை முழுசாக நீட்டிக்கொண்டு இழுத்தால் தோள்பட்டை போகும், பட்டியிலும் அலை அலையாகத் தெரியும். டியூப் லைட் போட்ட அன்றைக்கு அந்த அலையை வீட்டுக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பிரஷ்ஷால் எட்ஜ் மட்டும் இழுக்க அரை அடி குறைந்தாலும் பரவாயில்லை. பிரஷ்ஷின் பிடி அந்தத் தூரத்தைக் கொடுத்துவிடும். 3 அடி போதும்.

அபார்ட்மெண்டில் சீலிங் இதைவிடத் தாழ்வாக இருக்கும். தேசிய கட்டிட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பதே 2.75 மீட்டர்தான், 9 அடி. அங்கே இரண்டரை அடி மேடை சரியாகப் பொருந்தும்.

பலர் செய்யும் தவறு, கடையில் முதலில் கண்ணில் படும் 50 சென்டிமீட்டர் மேடையை வாங்கி வருவது. 10 அடி சீலிங்கில் அது பாதி வேலைக்குத்தான் ஆகும். அப்புறம் அதன் மேல் பக்கெட்டைக் கவிழ்த்து ஏற ஆரம்பிப்பார்கள்.

மேடைமேல் ஸ்டூலோ பக்கெட்டோ வைத்து ஏறலாமா?

கூடாது. ஒரு நிமிட வேலை என்றாலும் கூடாது. உயரம் போதவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஏ டைப் ஏணியோ சாரமோ வேண்டும் என்று அர்த்தம்.

எவ்வளவு எடை தாங்கும்?

மேடையில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஐரோப்பிய ஏணித் தரமான ஈஎன் 131இன்படி செய்தவற்றில் 150 கிலோ என்று இருக்கும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்த 150 கிலோ ஆளின் எடை மட்டும் அல்ல. ஆள், அவர் கையில் வைத்திருப்பது, தட்டில் வைத்திருப்பது எல்லாம் சேர்த்து. 75 கிலோ ஆள் ஏறி, 20 லிட்டர் எமல்ஷன் முழு பக்கெட்டையும் ஏற்றினால், பக்கெட் மட்டுமே 30 கிலோவை ஒட்டி வரும். 40 கிலோ பட்டி மூட்டையை மேலே வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முழு பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு, சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டு ஏறுங்கள்.

நீளும் தட்டு என்றால் இன்னொன்றும் உண்டு. ஒரே பலகையின் நடுவில் நிற்கிறீர்கள் என்றால், தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றரை மடங்கு ஆகும்போது வளைவு மூன்று மடங்குக்கு மேல் போகும். நீளத்தின் மும்மடியில் வளைவு கூடும் என்பது கணக்கு. 4 அடியில் கல் மாதிரி நின்ற தட்டு 6 அடியில் தொய்வது அதனால்தான். அதனால் ஸ்டிக்கரில் சுருக்கிய நிலைக்கும் நீட்டிய நிலைக்கும் தனித்தனி எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரே இல்லாத மேடையை நான் வாங்குவதில்லை.

இரண்டு பேர் ஏறலாமா?

ஒரு ஆளுக்கான மேடை. எடை தாங்கினாலும், ஒருவர் சட்டென்று இறங்கினால் மற்றவர் நிலை தவறிவிடும்.

படிக்கட்டுச் சுவருக்கு இது உதவுமா? கால் நீளும் என்கிறார்களே.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கால் நீளும் என்பது உண்மை. எவ்வளவு நீளும் என்பதுதான் கேள்வி.

வீட்டுப் படி ஒன்றின் உயரம் ஆறரை, ஏழு அங்குலம். மிதி 10 அங்குலம். மேடையைப் படிகளின் போக்கில், நீளவாக்கில் வைத்தால், 4 அடி நீளத்துக்குள் நான்கைந்து படி வந்துவிடும். மேல் காலுக்கும் கீழ்க் காலுக்கும் 26 அங்குலத்துக்குக் குறையாமல் வித்தியாசம் வேண்டும். உயரம் 50 முதல் 80 சென்டிமீட்டர் வரை மாறும் மேடை கொடுப்பது 30 சென்டிமீட்டர், அதாவது 12 அங்குலம். நடக்காது.

குறுக்குவாக்கில் வைக்கலாம். அப்போது முன்கால்கள் ஒரு படியிலும் பின்கால்கள் மேலே உள்ள படியிலும் நிற்கும். கால்களின் அகலம் ஒன்றரை அடி என்றால் இரண்டு படி வித்தியாசம் வரும், 13, 14 அங்குலம். இதற்கும் அந்த 12 அங்குலம் பத்தாது. அதனால் வாங்குமுன் படியின் உயரத்தை அளந்து, இரண்டால் பெருக்கி, காலின் அதிகபட்ச நீளத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். நான்கு காலும் தனித்தனியாக நீளுகிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் இரண்டு இரண்டாகத்தான் நீளும். படிக்கட்டு மூன்றடி அகலம்தான் என்றால் 4 அடி மேடை உள்ளேயே போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

என்னுடைய மேடை படிக்கட்டுக்கு ஒத்துவராது. லேண்டிங் வரைக்கும் அதில் செய்வேன். படிகளுக்கு மேலே உள்ள உயரச் சுவருக்குக் குழாய்ச் சாரம் வாடகைக்கு எடுப்பேன். அந்த வாடகையைக் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுதிவிடுவதால் வீட்டுக்காரரிடம் பேச்சு வருவதில்லை.

உப்புத்தாள் தேய்க்கும்போது பின்னால் தள்ளுகிறதே?

தள்ளும். மேடையின் அகலம் ஒரு அடி, ஒன்றேகால் அடிதான். நீங்கள் சுவரை அழுத்தும் விசை உங்களையே பின்பக்கம் தள்ளுகிறது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு சுவருக்கு நேராக நின்றால் சமாளிக்க முடியாது. உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை நீளவாக்கில் தள்ளி வைத்து, சுவருக்குக் குறுக்காகத் தேய்க்காமல் நீளவாக்கில் தேயுங்கள். கால்கள் வெளிப்பக்கம் அகன்று நிற்கிற மாடல் இதில் ரொம்பவே உதவும். வாங்கும்போது மேடைமேல் ஏறி நின்று கடைச் சுவரைக் கையால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

முடிந்தவரை தேய்ப்பு வேலையை நீளக் கம்பு மாட்டிய தேய்ப்புத் தட்டால் தரையில் நின்றே செய்யுங்கள். ரோலருக்கும் அதேதான். கம்பு இருக்கும்போது மேடை எதற்கு? தூசியும் கண்ணில் விழாது.

டைல்ஸில் கீறல் விழுமா?

காலில் ரப்பர் புஷ் நன்றாக இருந்தால் விழாது. அதைவிடப் பெரிய பிரச்சினை, டைல்ஸைக் காப்பாற்றுகிறேன் என்று பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன்மேல் மேடையை வைப்பது. ரப்பர் பிடிப்பது தரையை. நடுவில் வழவழப்பான ஷீட் வந்தால் மேடையோடு சேர்ந்து ஷீட்டும் வழுக்கும். பட்டித் தூள் படிந்த டைல்ஸும் அப்படித்தான், பவுடர் கொட்டின கேரம் போர்டு மாதிரி. கால் நிற்கும் நான்கு இடத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ஷீட் வேண்டுமானால் மேடைக்கு வெளியே விரிக்கலாம், அல்லது கனமான பழைய சாக்கைப் போடலாம்.

பால்கனியில் பயன்படுத்தலாமா?

இதை மட்டும் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பால்கனியில் கைப்பிடிச் சுவர் 3 அடி, மூன்றரை அடி இருக்கும். தரையில் நிற்கும்போது அது இடுப்புக்கு வருகிறது, காப்பாற்றுகிறது. இரண்டரை அடி மேடையில் ஏறி நின்றால் அதே சுவர் உங்கள் பாதத்திலிருந்து அரை அடி, ஒரு அடி உயரம்தான். தடுப்பே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கால் தட்டினால் வெளியே கவிழ்க்கும் வேலையைத்தான் அந்தச் சுவர் செய்யும். மூன்றாவது மாடியில் நிற்கிறோம் என்ற நினைப்பே அப்போது வராது. கண் முழுக்கச் சீலிங்கில் இருக்கும்.

பால்கனி சீலிங்குக்கு நான் கம்பு மாட்டிய ரோலர்தான் கொடுப்பேன். எட்ஜுக்கு மேடை வேண்டும் என்றால் வீட்டை ஒட்டிய பக்கம் மட்டும். வெளிப்பக்க எட்ஜை வெளிச்சுவர் வேலைக்குச் சாரம் கட்டும்போது இடுப்பு பெல்ட் மாட்டிய ஆள் செய்வார். கிரில் இல்லாத ஜன்னல், கைப்பிடி இன்னும் வைக்காத படிக்கட்டு ஓரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சன்ஷேடின் மேல் மேடையை வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அலுமினியம் என்றால் ஷாக் அடிக்காதா?

அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டுப் பட்டி பார்க்கும்போதும், பழைய ஃபேன் பாயிண்டில் வயர் தொங்கும்போதும் ஈரக் கையோடு அதன்மேல் நிற்பது ஆபத்து. அந்த அறையின் எம்சிபியை (மெயின் போர்டில் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். வெளிச்சத்துக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்கலாம். அந்த வயர் மேடைக் காலுக்கு அடியில் மாட்டி நசுங்காமல் இருக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் இரும்பில் அடித்துக்கொண்டால் மலிவாக இருக்குமே?

இருக்கும், நானும் ஒன்று அடித்தேன். அதே கனத்துக்கு இரும்பு அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. கடையில் வாங்கும் அலுமினிய மேடை 10 கிலோவை ஒட்டி இருக்கும், ஒரு கையில் தூக்கி நகர்த்தலாம். இரும்பு மேடையை நாலு தடவை நகர்த்திய பிறகு, ஐந்தாவது தடவை நகர்த்தாமல் சாய்ந்து எட்டத்தான் மனம் போகும். விழுவதும் அப்போதுதான். பட்டறைக்காரரின் வெல்டிங்கைக் குறை சொல்லவில்லை, நன்றாகவே செய்து கொடுத்தார். ஆனால் மடக்கும் இடத்துக்கு லாக் அவரால் சரியாகக் கொடுக்க முடியவில்லை. அது இப்போது கொடவுனில் டப்பா அடுக்க நிற்கிறது.

எக்ஸ்எல் வண்டியில் கொண்டுபோக முடியுமா?

முடியும். பின் சீட்டில் படுக்க வைத்து, பழைய டியூபைக் கத்தரித்த ரப்பர் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கால் தானாகப் பிரியாமல் நடுவில் ஒரு சுற்று தனியாகக் கட்ட வேண்டும். குறுக்காக வைத்தால் பஸ்காரர் பக்கத்தில் வரும்போது தட்டும், நீளவாக்கில்தான் வைக்க வேண்டும்.

எப்படிப் பராமரிப்பது?

ஒயிட் சிமெண்ட் பட்டியும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை. ஈரமாக ஒட்டிக்கொண்டே இருந்தால் அலுமினியத்தை அரிக்கும். கால் நீளும் குழாயின் வாயில் படிந்த பட்டியைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் வெளிறிய புள்ளி புள்ளியாகத் தெரியும், அதுதான் அரிப்பு. ஆகவே சாயங்காலம் பிரஷ் கழுவும்போதே மேடையையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தட்டில் வரிவரியாக மேடு இருக்கும், கால் வழுக்காமல் இருக்க. அந்த வரிகள் பெயிண்டால் மூடிப்போனால் மேடை மழமழவென்று ஆகிவிடும். எங்கள் பையன்கள் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள்.

லாக் பின்னில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக் கட்டியாகும். துடைத்து உலர்வாக வைத்தாலே போதும்.

நலவாரியக் கார்டு பெயின்டருக்கும் உண்டா?

உண்டு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பெயின்டிங்கும் ஒரு தொழில். 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். விபத்து, பிள்ளைகளின் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை இருக்கிறது. மணிக்கட்டு உடைந்த என் கையாளிடம் அன்றைக்குக் கார்டு இல்லை. அந்த ஆறு வாரமும் வீட்டுச் செலவு கைமாற்றில்தான் ஓடியது. இப்போது வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனையும் முதல் மாதத்திலேயே பதிவு செய்ய அழைத்துப்போகிறேன், பழைய கார்டு என்றால் புதுப்பித்திருக்கிறதா என்று கேட்கிறேன்.

வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வருடத்துக்கு இரண்டு தடவை ஃபேன் துடைக்கவும் ஒட்டடை அடிக்கவும் மட்டும் என்றால் கைப்பிடி வைத்த நல்ல வீட்டு ஏணியே போதும். தன் வீட்டுக்குத் தானே பெயிண்ட் அடிக்க நினைப்பவர் தாராளமாக வாங்கலாம்.

பழைய மேடை விலைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்ட் கறையைப் பார்க்காதீர்கள், அது வேலை செய்த அடையாளம். சமதரையில் பிரித்து வைத்து, நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று ஒரு தாளைக் காலடியில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் சட்டம் முறுக்கியிருக்கிறது. மடக்கும் இடத்து ரிவெட்டைச் சுற்றி முடி கனத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது. பிறகு எல்லா லாக்கையும் போட்டு, இறக்கி, மறுபடி போடுங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சத்தம் போட்டு விழ வேண்டும். ஒன்று மட்டும் தட்டினால்தான் விழுகிறது என்று விற்பவர் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள். ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.